ரொட்டிக்குள் இருந்த குழந்தை

என் புருஷன் எவரார்தோவுக்குக் குரோன் நோய். குடல் வீங்கும், அடங்கும், மறுபடி வீங்கும். இரண்டு தடவை அறுத்துத் தைத்தாயிற்று. இன்னொரு தடவை கத்தி பட்டால் வயிற்றில் மலப்பையோடுதான் வாழவேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதனால் ஜனவரியில் மூன்று ராஜாக்கள் பண்டிகைக்கு ரொட்டி வெட்டியபோது அவனுக்கு மட்டும் சூப்பு கொடுத்தேன். அதில் போடும் உலர்பழம் அவனுக்கு ஆகாது.

அந்த ரொட்டிக்குள் ஒரு சின்னப் பீங்கான் குழந்தைப் பொம்மையை வைத்துச் சுடுவார்கள். அது யாருக்குக் கிடைக்கிறதோ அவர் பிப்ரவரியில் எல்லோருக்கும் தமாலே என்ற சோளமாவுக் கொழுக்கட்டை சமைத்துப் போடவேண்டும். இந்த வருஷம் யாருக்கும் கிடைக்கவில்லை. நாத்தனார் ஒத்திலியா எச்சில் கையால் காக்கை ஓட்டாதவள். அவள்தான் விழுங்கிவிட்டாள் என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன்.

"தமாலே போடப் பயந்து பொம்மைய முழுங்குவாங்களா? புத்தி போகுது பாரு" என்று கதவை அறைந்துவிட்டுப் போனாள்.

அடுத்த வாரமே எவரார்தோவின் வயிறு உப்பிப் பலகை மாதிரி ஆனது. ஸ்கேன் எடுத்தார்கள்.

"குடல் சுருங்கின இடத்துல ஏதோ அடைச்சிருக்கு" என்றார் டாக்டர் சூனிகா. கட்டி என்றே நினைத்தேன். அவர் படத்தைப் பெரிதாக்கினார்.

"ஏம்மா, கட்டிக்குக் கை கால் இருக்குமா?"

எட்டிப் பார்த்தேன். இரண்டு கையையும் விரித்து, வெள்ளையாக ஒரு குழந்தை படுத்திருந்தது. கட்டிலில் கிடந்தவன் கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

"கிழவா, கண்ணத் தொற."

"சமையக்கட்டுல ஒரே ஒரு துண்டுதான் எடுத்தேன். நீ வர்ற சத்தம் கேட்டுச்சு. மெல்ல நேரமில்ல, அப்படியே முழுங்கிட்டேன்."

அவனைக் கொன்றுபோடலாம் போலிருந்தது. அதற்குள் செத்துவிடுவானோ என்று பயமாகவும் இருந்தது. கீழ்வழியாகக் குழாய் விட்டு எடுத்துப் பார்ப்பார்களாம். வராவிட்டால் கத்திதானாம்.

வேறு வழியில்லாமல் ஒத்திலியாவுக்குப் போன் செய்தேன். வந்தாள். திட்டுவாள் என்று தலையைக் குனிந்திருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அழாதீங்க அண்ணி. கத்தி படாம அண்ணன் வரட்டும். தமாலே நான் போடறேன். கோழி வெச்சதும் போடறேன், பன்னி வெச்சதும் போடறேன்."

அவள் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை வந்ததும் எனக்கு இன்னும் பயம் பிடித்துக்கொண்டது.

டாக்டர் வெளியே வந்தார். "குழாய்லயே வந்துருச்சு. கத்தி வேண்டாம். வீக்கத்துக்கு மருந்து போதும்."

இருவரும் கட்டிப்பிடித்து அழுதோம். ஒத்திலியாதான் முதலில் மூக்கைச் சிந்தினாள்.

"அண்ணி, மொறைன்னு ஒண்ணு இருக்குல்ல. பொம்மை யார் வயித்துல இருந்துச்சோ, அவங்க வீட்லதான் தமாலே."