கட்டுத்துணி

"கத்தி கிடையாது, தையல் கிடையாதும்மா. ஊசி போற அளவு ஓட்டைதான். நடந்தே வீட்டுக்குப் போயிடலாம்" என்றார் டாக்டர். துணிக்கடையில் நாளெல்லாம் நின்றே வேலை பார்த்ததில் அவளுடைய இடது காலில் நரம்பு சுருண்டு புடைத்திருந்தது. இனி லேசரில் எல்லாம் சரியாகிவிடும். பக்கத்தில் இருந்த கணவருக்கு வாயெல்லாம் பல். அவளுக்குத்தான் சந்தோஷம் வரவில்லை.

ஊசிக்குப் பயமில்லை. தினமும் காலையில் படுக்கையை விட்டு இறங்கி நின்றால் கால் வீங்கிவிடும். அதற்கு முன்பே கட்டுத்துணி சுற்றியாக வேண்டும். பல வருடங்களாக அது கணவருடைய வேலை. லிஃப்ட் மெக்கானிக், வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று பயப்படுகிற ரகம். ஆனால் அவள் பாதத்தை மடியில் வைத்து, விரலிலிருந்து முழங்கால் வரை சுற்றும்போது மட்டும் எங்கிருந்தோ பேச்சு வந்துவிடும். லிஃப்டில் சிக்கிக்கொண்ட மாமியாரும் மருமகளும் கதவு திறப்பதற்குள் ராசியாகிவிட்ட கதையெல்லாம் அப்படிக் கேட்டதுதான். சுற்றி முடித்ததும் கெண்டைக்காலில் ஒரு தட்டுத் தட்டுவார். நாள் முழுக்க அவளுக்கு அது போதும். 'என் புருஷன் என்னைத் தொடுறதே இதுக்குத்தான், குணமாக்கிடாதீங்க' என்று டாக்டரிடம் எந்த முகத்தோடு சொல்வது?

சிகிச்சை நடந்தது. திரையில் அவளுடைய நரம்பு கறுப்பாகத் தெரிந்தது. மெல்லிய கம்பியொன்று உள்ளே ஏறி, அதைச் சுட்டு மூடிக்கொண்டே இறங்கியது. வலிக்கவில்லை. அதற்கே அழுகை வந்தது. "வலிக்குதாம்மா?" என்ற நர்ஸிடம் ஆமாம் என்று பொய் சொன்னாள்.

அப்புறம் இரண்டு வாரம் இறுக்கமான காலுறை. "இது ரொம்ப ஈஸி, நீயே போட்டுக்கலாம்" என்று கணவர் பெருந்தன்மையோடு எடுத்துக் கொடுத்தார். பிறகு அதுவும் தேவையில்லை என்றானது. கடையில் எல்லோரும் அவள் காலைப் பார்த்து வியந்துபோனார்கள்.

ஒருநாள் விடிந்த பிறகும் அவள் இறங்காமல், கட்டிலில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். சட்டை மாட்டிக்கொண்டிருந்தவர் பதறிப்போனார்.

"என்ன, மறுபடியும் வலிக்குதா?"

ஆமாம் என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சொல்லியிருந்தால் கட்டுத்துணி அலமாரியிலிருந்து இறங்கியிருக்கும்.

"வலியெல்லாம் ஒண்ணுமில்லைங்க. சும்மா இப்படி வந்து உக்காருங்களேன்."

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. கடிகாரத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். அவள் பாதத்தைத் தூக்கி அவர் மடியில் வைத்தாள். சுற்றுவதற்கு எதுவும் இல்லாமல் அவருடைய இரண்டு கைகளும் அந்தரத்தில் நின்றன.