வெட்டச் சொன்ன நாலு வரி

பூமி சூடாகிக்கொண்டே போகிறது என்று பேசுவதற்காகக் கூடிய கூட்டத்தில் அத்தனை பேரும் குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தார்கள். சங்கச் செயலாளர் மாணிக்கம் கழுத்துவரை ஸ்வெட்டர் மாட்டியிருந்தார். ஒரு அம்மாள் மேசை விரிப்பையே உருவி மடியில் போர்த்திக்கொண்டார். போன வருஷம் ஃபேரர் பார்க் பக்கத்துப் பழைய கடைவீட்டின் கீழ்த்தளத்தில் இருக்கும் அந்த மண்டபத்துக்குப் புது ஏர்கான்கள் வந்ததிலிருந்து இதே கூத்துதான். லிட்டில் இந்தியாவிலேயே சில்லென்று இருப்பது எங்கள் மண்டபம்தான் என்று மாணிக்கம் போகிற இடமெல்லாம் பீற்றிக்கொள்வார்.

அவற்றை இலவசமாக மாட்டிக் கொடுத்தவர் ஜாலான் புசாரில் ஏர்கான் கடை வைத்திருக்கும் அஹமது கபீர். வரும் ஞாயிற்றுக்கிழமை சங்கம் நடத்தப்போகும் ‘பசுமை மாலை’ நிகழ்ச்சிக்கும் அவர்தான் ஸ்பான்சர். அவருடைய தங்கை ஜரீனா பாலர் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுப்பவள். அவளும், டோலக் வாசிக்கும் அவள் தோழி சக்தியும் நிகழ்ச்சிக்காக ஒரு கதைப்பாட்டு கட்டி, அன்று கூட்டத்தில் பாடிக் காட்டினார்கள். கடல் மட்டம் ஏறும் பகுதிக்குக் கைதட்டல். காடு எரியும் பகுதிக்கு ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கடைசி நாலு வரியில்தான் வந்தது வம்பு.

“மேடம், பாட்டு ரொம்ப டச்சிங்கா இருக்கு. அந்த லாஸ்ட் நாலு வரிய மட்டும் கட் பண்ணிடலாம் லா,” என்றார் மாணிக்கம்.

“ஏன் சார்?”

“ஏர்கான் மேட்டர் வருதில்ல? ஸ்பான்சர் இங்கயே உக்காந்திருக்காரு. நல்லாவா இருக்கும்?”

கபீர் தொண்டையைச் செருமினார். “ஊருல பாட்டுக் கட்ட வேற விஷயமே இல்லையா, ஜரீனா? அந்தப் பனிக்கரடியப் பத்திப் பாடேன். பாவமா இருக்கும்.”

“பனிக்கரடி உங்ககிட்ட ஏர்கான் வாங்கலையே காக்கா!” என்றாள் ஜரீனா. அண்ணனை அவள் காக்கா என்றுதான் கூப்பிடுவாள்.

சக்தி சிரிப்பை அடக்க முடியாமல் தண்ணீர் குடிப்பதுபோல் பாவனை செய்தாள். கபீரின் முகம் இறுகிவிட்டது. “நீ நாலு வரி பாடினா உலகம் குளிர்ந்துடுமா? ஜனங்க முன்னாடி என் தொழில நாறடிச்சே, அப்புறம் என் வீட்டு வாசலை மிதிக்காதே,” என்றார்.

இப்படித்தான் நடக்கிறது நம் ஊரில். கடலுக்காக அழலாம், காட்டுக்காக மாரடிக்கலாம், எங்கேயோ உருகும் பனிக்காக ஊர்வலம்கூடப் போகலாம். அதற்கெல்லாம் மேடையும் மாலையும் உண்டு. நம் வீட்டு ஏர்கான் ரிமோட்டைப் பற்றி வாயைத் திறந்தால் மட்டும் சுருக்கென்று குத்திவிடுகிறது.

ஜரீனா கேலி பேசுவாளே தவிர, அண்ணனை எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லை. வாப்பா மௌத்தாகி அவள் தகப்பனில்லாப் பிள்ளையான பிறகு தன் படிப்பை நிறுத்திவிட்டு அவளைப் படிக்க வைத்தவர் அவர். கண் கலங்கியதை யாரும் பார்த்துவிடக் கூடாதென்று மண்டபத்தின் பின்கதவைத் திறந்துகொண்டு வெளியே போனாள்.

பின்சந்து அடுப்பு மாதிரி இருந்தது. மண்டபத்துக்கு உள்ளே குளிரைக் கொட்டும் ஏர்கான்களின் கம்ப்ரஸர்கள் எல்லாம் இங்கேதான் சுவரோடு சுவராக நின்று சுடுகாற்றை ஊதிக்கொண்டிருந்தன. அதற்கு நேரெதிரே வாழையிலைச் சாப்பாட்டுக் கடையின் பின்வாசல். அங்கே பாத்திரம் கழுவும் பூவம்மா, கவிழ்த்த பால் கூடைமேல் உட்கார்ந்து தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள். முகத்திலிருந்து வேர்வை சோற்றில் சொட்டியது. ஜரீனா பல நாள் பார்த்த காட்சிதான் இது. அந்த நாலு வரி பிறந்ததே இங்கேதான்.

“என்னா டீச்சர், மூஞ்சி தொங்கிக் கெடக்கு?”

“பாட்டுல கொஞ்சத்த வெட்டச் சொல்றாங்க பூவம்மாக்கா. நீங்க ஏன் வேற எடத்துல உக்காரக் கூடாது?”

“உள்ள அடுப்பு. முன்னாடி கஸ்டமரு. எனக்கு இதவிட்டா ஏது எடம்? இந்தப் பொட்டியெல்லாம் போன வருஷம் வந்துச்சு. அதுக்கு முன்னாடி சாயந்தரம் கொஞ்சம் காத்து வரும்.” பூவம்மா ஒரு வாய் சோற்றை விழுங்கினாள். “சரி, எதை வெட்டச் சொன்னாங்க?”

ஜரீனா மெல்லப் பாடிக் காட்டினாள். பூவம்மாவின் கை தட்டிலேயே நின்றுவிட்டது. “இதையா வெட்டச் சொன்னாங்க? அட போங்கடா!” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை மாலை மண்டபம் நிரம்பி வழிந்தது. பட்டுப் புடவைகளுக்கு மேல் சால்வைகள், ஜிப்பாக்களுக்கு மேல் ஜாக்கெட்டுகள். முன்வரிசையில் கோட்டு போட்டு உட்கார்ந்திருந்தார் கபீர். பொன்னாடை, நினைவுப் பரிசு, இன்னொரு பொன்னாடை என்று மரியாதையெல்லாம் முடிந்து ஜரீனாவின் முறை வந்தது. மேடை ஓரத்தில் மாணிக்கம் இரண்டு விரலைக் கத்தரிக்கோல் மாதிரி ஆட்டிக் காட்டினார். ஞாபகமிருக்கட்டும், கட் என்று அர்த்தம்.

கடல் பாடினாள், காடு பாடினாள். குழந்தைகளிடம் சொல்வதுபோல் கண்ணை உருட்டி, குரலை மாற்றிக் கதை சொன்னாள். சக்தியின் டோலக் கூடவே ஓடியது. கடைசிப் பகுதி வந்ததும் ஜரீனா நிறுத்திவிட்டாள். அண்ணனைப் பார்த்தாள். அவர் தலையை லேசாக இடமும் வலமும் அசைத்தார். பாடாமல் இறங்கிவிட்டால் நாளைக்கு எந்த முகத்தோடு பிள்ளைகளிடம் ‘உண்மையைச் சொல்லுங்கள்’ என்று சொல்வாள்?

“இன்னும் நாலு வரி பாக்கி இருக்கு,” என்றாள் மைக்கில். “அத இங்க பாடக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க. சரி, இங்க பாடல. அது பாட வேண்டிய எடம் வேற. கேக்கணும்னு நினைக்கிறவங்க எந்திரிங்க. முன்னால நிக்கிறவங்க தோளப் பிடிச்சுக்குங்க. நம்ம ரயில் கெளம்புது!”

பாலர் பள்ளியில் பிள்ளைகளை ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குக் கூட்டிப்போக அவள் கண்டுபிடித்த வழி அது. ‘கூ’ என்று அவள் குரல் கொடுத்ததும் கூட்டத்திலிருந்த அவளுடைய மாணவர்கள் துள்ளி எழுந்து வரிசை கட்டிவிட்டார்கள். பிள்ளைகளை விட முடியாமல் பெற்றோர் எழுந்தார்கள். குளிர் தாங்காமல் சிலர் எழுந்தார்கள். என்னதான் நடக்கிறது என்று பார்க்க மற்றவர்களும் கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு எழுந்தார்கள். “மேடம், கேன்னாட் லா! சீஃப் கெஸ்ட் இன்னும் பேசல!” என்று மாணிக்கம் கத்தியபோது சீஃப் கெஸ்டே ரயிலின் நடுவில் போய்க்கொண்டிருந்தார்.

பின்கதவு திறந்தது. சுடுகாற்று எல்லார் முகத்திலும் பளீரென்று அடித்தது. “ஐயோ!” என்று ஒருத்தி முகத்தை மூடிக்கொண்டாள். சால்வைகள் இறங்கின, ஜாக்கெட்டுகள் கழன்றன. கம்ப்ரஸர்களின் இரைச்சலுக்கு மேல் ஜரீனா தொண்டை கிழியப் பாடினாள்.

“உள்ள உனக்குப் போர்வை — இங்க
ஒழுகுதடா என் வேர்வை
சந்துக்குள்ள தள்ளி வச்சே — சூட்டைச்
சந்ததிக்கும் சேத்து வச்சே!”

சக்தி அடித்த அடியில் பிள்ளைகள் உடனே வாங்கிப் பாடினார்கள். சாப்பாட்டுக் கடைச் சமையல்காரர்கள் எட்டிப் பார்த்து, பிறகு கரண்டியால் தட்டித் தாளம் போட்டார்கள். அதற்குள் கபீர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்துவிட்டார்.

“நிறுத்து ஜரீனா! மானத்த வாங்குறியா?”

ஜரீனா நிறுத்தவில்லை. இன்னொரு முறை முழுசாகப் பாடி முடித்துவிட்டுத்தான் பேசினாள். “உங்க வாசல மிதிக்க வேணாம்னு சொன்னீங்க. சரி காக்கா, மிதிக்கல. நீங்க இந்த வாசல்ல கொஞ்ச நேரம் நில்லுங்க. அது போதும்.”

“யாரு, ஏர்கான் கடை மொதலாளி, தவுக்கேவா?” என்று கேட்டபடி பூவம்மா தன் பால் கூடையை இழுத்துப் போட்டாள். “ஏன் நிக்கணும்? உக்காருங்க தம்பி. நான் தெனம் சோறு திங்கிற எடந்தான்.”

அத்தனை கைப்பேசிகளும் அவரையே பார்த்தன. வேறு வழியில்லாமல் உட்கார்ந்தார். கம்ப்ரஸரின் விசிறி நேராக அவர் முகத்தில் ஊதியது. அவரே நின்று அளந்து மாட்டிக் கொடுத்த பெட்டி. மாட்டிய அன்று உள்ளே போய்க் குளிர் சரியாக வருகிறதா என்று பார்த்தார். வெளியே வந்து எதிரே யார் இருக்கிறார்கள் என்று பார்க்கத் தோன்றவில்லை. நெற்றியிலிருந்து வேர்வை வழிந்து சட்டைக் காலரை நனைத்தது. கோட்டு முதுகில் ஒட்டிக்கொண்டது. சட்டென்று எழுந்து உள்ளே போய்விட்டார்.

“போச்சு! ஸ்பான்சர் போயிட்டாரு,” என்று மாணிக்கம் தலையில் கை வைத்தார். ஜரீனாவுக்கும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அண்ணன் இல்லாத பெருநாளை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. ஆனாலும் “இன்னொரு தரம் பாடுவோமா?” என்று பிள்ளைகளைக் கேட்டாள்.

பாட்டு பாதியில் இருக்கும்போது கம்ப்ரஸர்களின் இரைச்சல் அடங்கத் தொடங்கியது. விசிறிகள் சுற்றித் தளர்ந்து நின்றன. பூவம்மா கையை நீட்டிப் பார்த்தாள்.

“அட! சூடு நின்னுபோச்சே!”

பின்கதவில் கபீர் நின்றிருந்தார். கோட்டு இல்லை. கையில் ரிமோட் இருந்தது.

“சன்னலத் தொறந்து ஃபேனப் போட்டிருக்கேன். ஒரே தூசி. அப்புறம் ரொம்ப வேர்த்தா இருவத்தாறு டிகிரில வச்சுக்கலாம். அதுக்குக் கீழ இந்த மண்டபத்துல யாரும் வைக்கக் கூடாது,” என்றார். பிறகு தங்கையிடம் திரும்பினார். “நான் ஏர்கான் விக்கிறத நிறுத்தப் போறதில்ல. இப்பவே சொல்லிட்டேன்.”

“நிறுத்தச் சொல்லலையே காக்கா.”

“ஆனா இனிமே மாட்டுறதுக்கு முன்னாடி பின்பக்கம் யாரு உக்காந்திருக்காங்கன்னு பாப்பேன். வாங்குறவங்ககிட்டயும் உன் நாலு வரியச் சொல்லுவேன். போதுமா?” குரலைத் தாழ்த்தி, “பெருநாளைக்கு வீட்டுக்கு வந்து சேரு,” என்றார்.

மாணிக்கம் மெதுவாக அருகில் வந்தார். “மேடம், நான் அந்த நாலு வரிய வெட்டச் சொன்னது... தப்பா எடுத்துக்காதீங்க.”

ஜரீனா கண்ணைத் துடைத்துக்கொண்டு எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்:

“சார், பாட்ட வெட்டிட்டா சூடு கொறைஞ்சிடாது. நாம தேவைக்கு மேல குளிர வச்சுக்கிட்டா, அந்தச் சூட்ட வேற யாரோ ஒருத்தங்க வாங்கிக்கிறாங்க. இன்னிக்கு அது பூவம்மாக்கா, நாளைக்கு நம்ம புள்ளைங்க. பூமியக் காப்பாத்தணும்னா மேடையத் தேடாதீங்க. முதல்ல உங்க வீட்டு ரிமோட்டக் கையில எடுங்க!”