வலது பக்க மரை

“நீ திருப்பத் திருப்ப அது இன்னும் இறுகுற மாதிரிதான் இருக்கு எனக்கு.”

“உனக்கு என்னடா தெரியும்? வலது பக்கம் மட்டும் தலைகீழ் மரை, எதிர்ப்பக்கமா திருப்பினாத்தான் கழலும். மிதிக்க மிதிக்கக் கழண்டுடக் கூடாதுன்னு அப்படி வச்சிருப்பாங்க. எல்லா சைக்கிளுக்கும் அதுதான்.”

“சரி தாயே, உனக்கே எல்லாம் தெரியும். எனக்கு ராத்திரி ஷிப்ட். பகல்லதான் தூங்க முடியும். அந்தச் சுத்தியலை மட்டும் கீழ வை.”

அக்கா சுத்தியலைக் கீழே வைத்தாள். வைத்த கையோடு மறுபடியும் எடுத்தாள்.

தம்பியின் வீடு நாலாவது மாடியில் இருந்தது. துணி காயப்போடும் இடத்தில், ஈரச் சட்டைகளுக்குக் கீழே, சக்கரம் இல்லாத சைக்கிள் ஃப்ரேம் ஒன்று மல்லாந்து கிடந்தது. இரண்டு பெடல்களையும் இணைக்கும் அச்சு ஒரு சின்னக் குழாய்க்குள் ஓடும். குழாயின் இரு முனையிலும் மரை போட்ட இரும்புக் கப் ஒவ்வொன்று. இடது கப் நேற்றே கையோடு வந்துவிட்டது. வலது கப்புக்குள் பேரிங் குண்டு ஒன்று உடைந்து, அச்சோடு சேர்ந்து துருப்பிடித்து ஒட்டியிருந்தது. கப்பைக் கழற்றினால்தான் அச்சே வெளியே வரும். எண்ணெய் ஊற்றிப் பார்த்தாள், வெந்நீர் ஊற்றிப் பார்த்தாள். ஸ்பானர் வழுக்கி விரல் முட்டியில் தோல் உரிந்ததுதான் மிச்சம்.

நாளைக் காலை கூரியர் ஆபீசில் சோதனை ஓட்டம். சொந்த சைக்கிள் வேண்டும், அதுவும் சத்தமில்லாமல் ஓட வேண்டும். இல்லாவிட்டால் அந்த இடம் அடுத்த ஆளுக்கு.

“பேசாம மாமாவுக்கு ஒரு போன் போடு. பட்டறையில இறுக்கிப் பிடிக்கிற பெரிய வைஸ் இருக்கு” என்றான் தம்பி, போர்வைக்குள்ளிருந்து.

“உன் மாமாவையே கட்டிக்கிட்டு அழு.”

“அதுக்குத்தான் உன்னை அனுப்பினோம். நீ திரும்பி வந்துட்டே.”

அவள் ஈரச் சட்டை ஒன்றை உருவி அவன்மேல் எறிந்தாள். பிறகு ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்தாள். சின்ன வயதிலிருந்தே அவளுக்குக் காலில் சக்கரம் என்று வீட்டில் சொல்வார்கள். கல்யாணமான பிறகு புருஷனுடைய லேத் பட்டறையில், போன் எடுப்பதற்கென்று ஒரு நாற்காலியில் உட்கார்ந்தாள். வெளியே தெருக்கள் எங்கெங்கோ போய்க்கொண்டிருந்தன. அவள் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தாள். கூரியர் வேலைக்குப் போகட்டுமா என்று ஒருநாள் கேட்டபோது அவன் சிரித்தான். மோசமான சிரிப்பு இல்லைதான். ஆனாலும் சிரித்தான். பட்டறைச் சுவரில் மாட்டியிருந்த இந்த ஓட்டை சைக்கிளை இறக்கி எடுத்துக்கொண்டு, “வேலை கிடைச்சப்புறம்தான் இந்தப் படியை மிதிப்பேன்” என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

வேலை இன்னும் கிடைக்கவில்லை. படியை மிதிக்காவிட்டால் கிடைக்கப் போவதும் இல்லை.

ஃப்ரேமைத் தோளில் மாட்டிக்கொண்டாள். புதுக் கப்புகளும் குண்டுகளும் ஸ்பானரும், நேற்றுக் கழன்ற பழைய இடது கப்பும் பைக்குள் கிடந்தன. பஸ்ஸில் ஒருவர், “மிச்ச சைக்கிள் பின்னால வருதாம்மா?” என்று கேட்டார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

பட்டறையில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அவன் நிமிர்ந்து பார்த்தான். மெஷினை நிறுத்தினான். அது சுற்றி ஓயும்வரை அவள் படியிலேயே நின்றாள்.

“உங்க வைஸ் கொஞ்சம் வேணும்.”

“ஓ. ‘நீங்க’ ஆயிட்டேனா?”

“வேலை இன்னும் கிடைக்கல. அதையும் இப்பவே சொல்லிடறேன். நாளைக்குத்தான் சோதனை.”

அவன் சிரித்துவிடுவானோ என்று அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் ஃப்ரேமை வாங்கி வலது பக்கம் கீழே வருமாறு கவிழ்த்து, கப்பின் தட்டையான விளிம்பை வைஸின் வாய்க்குள் கொடுத்து இறுக்கினான். இனி கப் அசையாது. ஃப்ரேமையே பிடித்துச் சுற்ற வேண்டும். அவன் முன்பக்கம் பிடித்தான், அவள் பின்பக்கம். எதிரெதிரே நின்று தள்ளினார்கள். மேஜை முனகியது. கப் அசையவில்லை.

“இதே கதைதான் அப்பவும்” என்றான் அவன். “நீ கல்யாணமாகி வர்றதுக்கு முன்னாடி ரெண்டு மூணு நாள் இதோட மல்லுக்கட்டினேன். முடியாமத்தான் சுவத்துல மாட்டினேன்.”

“எந்தப் பக்கம் திருப்பினே?”

“இதே பக்கம்தான். வலது பக்கம் தலைகீழ் மரைன்னு உனக்குச் சொன்னதே நான்தானே?”

அவள் பிடியை விட்டாள். சும்மா நிற்க முடியாமல் பைக்குள் கைவிட்டுப் புது இடது கப்பை எடுத்து, மேலே திறந்து கிடந்த ஓட்டையில் வைத்தாள். அது மரையைப் பிடிக்கவே இல்லை. கிணற்றில் கல் விழுகிற மாதிரி உள்ளே போனது.

இருவரும் குனிந்து பார்த்தார்கள். தலையோடு தலை லேசாக முட்டிக்கொண்டது.

“இது வேற அளவு” என்றாள். “ஓட்டையே பெரிசு. இது நம்ம வழக்கமான சைக்கிள் இல்ல. அளவே வேறன்னா, மரையும் வேறயா இருக்கலாமே?”

“இருக்கலாம்...”

“ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி மரை. நேரா. அப்படின்னா இத்தனை நாளும்...”

“நான் இறுக்கினேன்.”

“நான் அதுக்குமேல இறுக்கினேன். அந்தத் தூங்குமூஞ்சி தம்பி காலையிலேயே சொன்னான்.”

இடம் மாறி நின்றார்கள். மறுபக்கமாகத் தள்ளினார்கள். முதலில் ஒன்றுமில்லை. பிறகு, மரம் முறிகிற மாதிரி ஒரு சத்தம். ஃப்ரேம் சட்டென்று சுழல, அவள் தடுமாறி ஒரு அடி முன்னால் வந்தாள். அதன்பின் சுலபம்தான். வைஸைச் சுற்றிச் சுற்றி நடந்தார்கள். துருப்பொடி தரையில் சிந்தியது.

புதுக் கப் இரண்டும் உதவாது. குண்டுகள் மட்டும் ஒரே அளவு. அவன் பழைய வலது கப்பில் ஒட்டியிருந்த உடைந்த குண்டைத் தட்டி எடுத்து, உள்பக்கத்தை மெஷினில் வைத்துத் தேய்த்து மினுக்கினான். அவள் கிரீஸ் தடவிக் குண்டுகளை வரிசையாகப் பதித்தாள். பழைய கப்புகளோடு அச்சைப் பூட்டி விரலால் ஒரு சுண்டு சுண்டினாள். சத்தமே இல்லாமல் சுற்றியது. நிற்க மனமில்லாத மாதிரி சுற்றிக்கொண்டே இருந்தது.

“கிடைச்சுடும்” என்றான் அவன். சிரிக்கவில்லை.

அவள் ஃப்ரேமைத் தோளில் மாட்டினாள். சக்கரம் பூட்ட வேண்டும், செயின் போட வேண்டும், ஒருதடவை ஓட்டிப் பார்க்க வேண்டும். கால் ஏற்கனவே வாசலில் இருந்தது.

“ஒரு நிமிஷம்.” அவன் கையைத் துணியில் துடைத்தான். துடைத்த கையையே மறுபடியும் துடைத்தான். “புதுக் குண்டு போட்டா முதல் நாள் ஓட்டத்துல அச்சு கொஞ்சம் ஆட்டம் கொடுக்கும். இடது கப்பைத் திரும்ப ஒரு கால் சுத்து இறுக்கணும்.”

அது அவளுக்கும் தெரியும். அதற்கான ஸ்பானர் அவள் பையில்தான் இருந்தது. பையிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருந்த அதன் பிடியை அவனும் பார்த்துக்கொண்டுதான் நின்றான்.

“நாளைக்குச் சாயங்காலம், வேலை முடிஞ்சதும், இங்க ஓட்டிக்கிட்டு வர்றியா?”