முழு வீடியோ

தேவசேனாவுக்கும் துறைத் தலைவர் கோவர்த்தனனுக்கும் பகை வந்தது ஒரு வீட்டுமனை விளம்பரத்தால்.

திருப்பதிக்கு வெளியே இருந்த அந்தத் தனியார் பல்கலைக்கழகத்தில் இருவரும் டிஜிட்டல் ஊடகமும் இதழியலும் கற்பித்தார்கள். மாணவர்கள் பயிற்சி பெறுவதற்காகத் துறைக்கு ஒரு யூடியூப் சேனல் இருந்தது. ரேணிகுண்டா பக்கம் புதிதாக மனை போட்ட ஒருவரைப் பற்றி அதில் ஒரு செய்தி தயாரானது. மூன்றாம் ஆண்டு மாணவி காவ்யா மைக் பிடித்து, அங்கே மனை வாங்குகிறவர்கள் எவ்வளவு பாக்கியசாலிகள் என்று சொல்லியிருந்தாள். எழுதிக் கொடுத்தவர் கோவர்த்தனன். மனைக்காரர் அவருடைய நண்பர்.

ஆசிரியர் கூட்டத்தில் தேவசேனா எழுந்து, இது செய்தி இல்லை, விளம்பரம், விளம்பரம் என்றே குறிப்பிட்டுப் போடுங்கள் என்றாள். சேனலில் அது வரவில்லை. அதே வீடியோவைக் காவ்யா தன் பிராஜெக்டாகக் கொடுத்தபோது தேவசேனா அதற்குத் தேர்ச்சி மதிப்பெண் போட மறுத்துவிட்டாள். சார் எழுதிக் கொடுத்ததைத்தானே படித்தேன், எனக்கு ஏன் தண்டனை என்று காவ்யா கேட்டாள். அதனால்தான் என்று தேவசேனா பதில் சொன்னாள். அந்தப் பெண் அன்றிலிருந்து அவளுக்கு வணக்கம் சொல்வதை நிறுத்திக்கொண்டாள்.

கோவர்த்தனன் வெளிப்படையாக ஒன்றும் செய்யவில்லை. தெலுங்குப் பத்திரிகை ஒன்றில் நெடுங்காலம் வேலை பார்த்துவிட்டு வந்தவர் அவர். கூட்டம் நடக்கும் நாள் தேவசேனாவுக்கு மட்டும் தெரியாமல் போகும். கேமரா கேட்டால் ரிப்பேரில் இருக்கும். அவள் வகுப்பு நேரத்தில் லேப் பூட்டியிருக்கும். எதிரே பார்த்தால் மட்டும் சிரித்த முகமாக, "பாகுன்னாரா மேடம்?" என்று தெலுங்கில் நலம் விசாரிப்பார்.

ஜூலையில் பொய்ச் செய்திகளைக் கண்டுபிடிப்பது பற்றி அவள் வகுப்பு எடுத்தாள். அப்போது ஒரு பதிவு எல்லோருடைய செல்போனிலும் சுற்றிக்கொண்டிருந்தது. ஆந்திராவின் எல்லை மண்டலங்கள் எங்களுடையவை, தெலுங்குக்காரர்களுக்கு இங்கே என்ன வேலை, அவர்கள் பள்ளிக்கூடங்களை மூடு என்று ஏதோ ஒரு தமிழ்ச் சங்கத்தின் பெயரில் தெலுங்கில் எழுதியிருந்தது. தேவசேனா அதை வகுப்பில் உரக்கப் படித்தாள். படித்துவிட்டு, இதை எழுதியது யார், கண்டுபிடியுங்கள் என்றாள். மாணவர்கள் தேடினார்கள். அப்படி ஒரு சங்கமே இல்லை. ஊர்வலம் என்று போட்டிருந்த படம் வேறு மாநிலத்தில் வேறு ஏதோ விஷயத்துக்காக எடுத்தது. வகுப்பு முடிவதற்குள் பொய் வெளுத்துவிட்டது. மாணவர்கள் சந்தோஷமாகக் கலைந்து போனார்கள்.

மறு வாரம் அவளே செல்போனில் வந்தாள்.

அவள் படித்த பகுதியை மட்டும் வெட்டி எடுத்திருந்தார்கள். 'படிக்கிறேன், கேளுங்கள்' என்று முன்னால் சொன்னது இல்லை. பின்னால் கேட்ட கேள்வியும் இல்லை. தெலுங்குக்காரர்களுக்கு இங்கே என்ன வேலை என்று தமிழ்க்காரப் பேராசிரியை ஒருத்தி தெலுங்குப் பிள்ளைகளைப் பார்த்துக் கேட்கிறாள். அவ்வளவுதான். சித்தூரில் யஸ்வந்த் என்கிற பையன் அதற்குத் தாரை தப்பட்டை இசை சேர்த்து, அவள் முகத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு ரீல் ஆக்கினான். அது லட்சக்கணக்கில் போனது.

அவள் வீடு சித்தூரில் இருந்தது. பல்கலைக்கழகப் பேருந்தில்தான் தினமும் போய் வருவாள். பக்கத்தில் உட்கார்ந்து கதை பேசிக்கொண்டு வரும் சந்தியா மேடம் அன்று பின் இருக்கைக்குப் போய்விட்டாள். பேருந்தில் பேச்சே இல்லை. ஆனால் ரீலின் இசை மட்டும் இரண்டு மூன்று இடங்களிலிருந்து சின்னதாகக் கேட்டது.

பல்கலைக்கழக வாசலில் கூட்டம் சேர்ந்திருந்தது. மன்னிப்புக் கேள் என்று கத்தினார்கள். காவலாளிகள் அவளைப் பின்வாசல் வழியாக உள்ளே கொண்டுபோனார்கள். தெரியாத எண்களிலிருந்து அழைப்பு வந்தபடி இருந்தது. எடுத்தால் கெட்ட வார்த்தை. நகரியிலிருந்து அப்பாவும் அழைத்தார். பவர்லூம் கூடத்திலிருந்து வெளியே வந்து பேசினார் போல, தறிச் சத்தம் தூரத்தில் கேட்டது.

"ஓனரு என்னக் கூப்ட்டு, உம் பொண்ணு என்னா இப்டி பேசிக்கிதுன்னு கேக்குறாரு. இங்க எல்லாரும் அதத்தான் பாத்துக்கினு இருக்கானுங்க. நான் என்னான்னு சொல்லட்டும்?"

"நான் அப்டி பேசல நைனா. படிச்சுக் காட்னேன்."

அதை ஏன் படித்துக் காட்டினாய் என்று அவர் கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

கணவன் வேணு பால் பண்ணையில் சூப்பர்வைசர். அவன் கோபப்படவில்லை. ஒரு மன்னிப்பு எழுதிக் கொடுத்துவிட்டால் முடிந்துபோகும், நான்கு வரிதானே என்றான். செய்யாததற்கு நான்கு வரி எதற்கு என்று அவள் கேட்டாள். இருவரும் இரண்டு நாள் பேசிக்கொள்ளவில்லை.

கோவர்த்தனன் அவளைத் தன் அறைக்கு அழைத்தார். எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். பிறகு உட்கார்ந்து தமிழில் பேச ஆரம்பித்தார். அவர் சத்தியவேடு பக்கத்துக்காரர், வீட்டில் தமிழ் பேசுகிறவர் என்பது தேவசேனாவுக்குத் தெரியும். ஆனால் இத்தனை வருடத்தில் அவர் வாயிலிருந்து அவள் ஒரு தமிழ்ச் சொல் கேட்டதில்லை.

"நானும் உங்க ஊர்ப் பக்கம்தாம்மா. அதனால சொல்றேன். நான் இங்க வந்தப்போ தமிழன்னு எளக்காரமா என்னையும் அரவவாடுன்னுதான் கூப்ட்டானுங்க. வாய மூடிக்கினு இருந்தேன். இன்னிக்கி இந்த நாற்காலில உக்காந்துக்கினு இருக்கேன். நீ வாய மூட மாட்டேன்ற."

"வகுப்புல நான் என்ன சொன்னேன்னு உங்களுக்குத் தெரியாதா சார்?"

"எனக்குத் தெரிஞ்சு என்னா ஆவப்போவுது? தப்புன்னு எழுதிக் குடு. இல்லன்னா கமிட்டி வெப்பாங்க. கமிட்டி வெச்சா வேல போவும். உம் புருஷன் சம்பளத்துல ரெண்டு பேரும் துன்னு பொழைக்கலாம், பாத்துக்கோ."

அவர் குரலில் கோபமே இல்லை. அதுதான் அவளைச் சுட்டது. எழுதிக் கொடுக்க மாட்டேன், கமிட்டி வையுங்கள் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள். வராந்தாவில் யாரும் பார்க்காதபடி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கமிட்டி கூடிய அன்று காலை காவ்யா அவள் மேஜைக்கு முன்னால் வந்து நின்றாள். நாராயணவனத்துப் பெண். சேனல் தகராறுக்குப் பிறகு அவள் தானாக வந்து பேசுவது அதுதான் முதல் தடவை.

"எனக்கு உங்களப் புடிக்காது மேடம். இப்பவும் புடிக்கல."

"தெரியும். என்ன விஷயம்?"

"அந்த கிளாஸ வீடியோ எடுத்தது நான்தான். டிபார்ட்மெண்ட் பேஜுக்கு வேணும்னு சார் கேட்டாரு. அவர் ஒருத்தருக்குத்தான் அனுப்னேன். வேற யாருக்கும் குடுக்கல."

தேவசேனா நிமிர்ந்து பார்த்தாள். காவ்யாவின் முகம் கடுகடுவென்று இருந்தது. கையில் செல்போனை இறுக்கிப் பிடித்திருந்தாள். இதைக் கமிட்டியில் சொல்வாயா என்று தேவசேனா கேட்டாள்.

"சொல்லத்தான் வந்தேன். நான் எடுத்த வீடியோவ எவனோ வெட்டிட்டான். அத நான் எடுத்ததுன்னு எங்க கிளாஸுக்கே தெரியும். நாளைக்கி என் பேரும் இல்ல கெடும்?"

கமிட்டியில் மூன்று பேர் இருந்தார்கள். கோவர்த்தனன் ஓரமாக உட்கார்ந்திருந்தார். காவ்யா முழு வீடியோவையும் போட்டுக் காட்டினாள். அதை யாருக்கு அனுப்பினாள் என்பதையும் காட்டினாள். கோவர்த்தனன் சிறிதும் பதறவில்லை. தன் போன் துறை அலுவலகத்தில் மேஜை மேலேயே கிடக்கும், யார் வேண்டுமானாலும் எடுத்திருக்கலாம் என்றார். பிறகு காவ்யாவைப் பார்த்து, ஒரு பிராஜெக்டில் தோற்ற பெண்ணின் பேச்சை எந்த அளவுக்கு நம்பலாம் என்றும் கேட்டார். என்னைத் தோற்கடித்தது மேடம், நீங்கள் இல்லை, பொய் சொல்வதென்றால் மேடத்துக்கு எதிராகத்தானே சொல்வேன் என்று காவ்யா தெலுங்கில் திருப்பிக் கேட்டாள். கமிட்டித் தலைவர் அவளை வெளியே போகச் சொன்னார்.

முடிவு வர ஒரு மாதம் ஆயிற்று. வீடியோ வெட்டப்பட்டது, வெட்டியவர் யார் என்று தெரியவில்லை என்று எழுதியிருந்தார்கள். கோவர்த்தனன் உடல்நிலையைக் காரணம் காட்டித் துறைத் தலைவர் பதவியிலிருந்து விலகினார். அவருக்கு மலர்மாலை போட்டு வழியனுப்பினார்கள். அடுத்த கல்வியாண்டில் அவர் வேறொரு கல்லூரிக்கு முதல்வராகப் போனார். தேவசேனாவுக்கு ஒரு மெமோ வந்தது, உணர்ச்சியைத் தூண்டும் விஷயங்களை வகுப்பில் தவிர்க்கவும் என்று. பெற்றுக்கொண்டேன், ஒப்புக்கொள்ளவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். துறைச் சேனலில் முழு வீடியோவையும் வெளியிட வேண்டும் என்று கேட்டாள். எல்லாம் அடங்கிவிட்டது, திரும்ப எதற்குக் கிளற வேண்டும் என்றார்கள். அவளே தன் பெயரில் போட்டாள். சில நூறு பேர் பார்த்தார்கள். வகுப்பில் காவ்யாவின் பக்கத்தில் கொஞ்ச நாள் யாரும் உட்காரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தேவசேனா யஸ்வந்தைத் தேடிப் போனாள். சித்தூர் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் செல்போன் கவர் விற்கும் சின்னக் கடை அவனுடையது. குடிபாலாவிலிருந்து வந்துபோகிறவன். இருபத்திரண்டு வயது இருக்கலாம். அவளைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்து எழுந்து நின்றான். முகம் உடனே கெட்டியானது. போலீசைக் கூட்டி வந்திருக்கிறாளா என்று அவளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தான்.

தனியாகத்தான் வந்திருக்கிறேன் என்று சொல்லி அவள் முழு வீடியோவைக் காட்டினாள். அவன் எவ்வளவு நேரம் ஓடும் என்பதை மட்டும் பார்த்தான்.

"நாப்பது நிமிஷம். இத யார் மேடம் பாப்பாங்க?"

"நீ பாரு. நான் உக்காந்துக்கினு இருக்கேன்."

அவன் போகச் சொன்னான். அவள் போகவில்லை. வாடிக்கையாளர்கள் வந்தார்கள். ஒருத்தி அவளை உற்றுப் பார்த்துவிட்டுப் பக்கத்திலிருந்தவளிடம் ஏதோ சொன்னாள். கடைசியில், இவளை அனுப்ப வேறு வழியில்லை என்று யஸ்வந்த் பார்க்க உட்கார்ந்தான். கவர் விற்றுக்கொண்டே விட்டு விட்டுப் பார்த்தான். மாணவர்கள் பொய்யைக் கண்டுபிடிக்கும் இடம் வந்தபோது, கவர் வாங்கியவனுக்குச் சில்லறை கொடுக்காமல் நின்றுவிட்டான். பிறகு தன் போனை எடுத்து, அவள் கண் முன்னாலேயே ரீலை அழித்தான். போதுமா என்று கேட்டான். மன்னிப்புக் கேட்கவில்லை.

போதாது என்றாள் அவள். போட்டது தவறு என்று அதே பக்கத்தில் எழுத வேண்டும். அவன் முடியாது என்றான். தப்பு என்று தானே போட்டால் தன்னை எவன் மதிப்பான் என்றான். அடுத்த ஞாயிறும் வருவேன் என்று சொல்லிவிட்டு எழுந்தாள். வந்தாள். அதற்கு அடுத்த ஞாயிறும் வந்தாள். வேணு எதுவும் சொல்லாமல் வண்டியில் கொண்டுவந்து விட்டுவிட்டு எதிர்க் கடையில் டீ குடித்தபடி நின்றான்.

ஒரு நாள் யஸ்வந்த் எழுதினான். சின்ன எழுத்தில் மூன்று வரி, கீழே முழு வீடியோவின் இணைப்பு. அன்று மாலையே அவளுக்குப் போன் செய்தான். குரல் உடைந்திருந்தது.

"இப்ப என்னத் திட்றானுங்க மேடம். அரவவாளுகிட்ட எவ்ளோ வாங்கினேன்னு கேக்குறானுங்க. எங்க அம்மாவப் பத்திலாம் எழுதுறானுங்க. எல்லாத்தயும் அழிச்சிடட்டுமா?"

அவள் அடுப்பை அணைத்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஆறுதலாக ஏதாவது சொல்லலாம் என்று தோன்றியது.

"அழிக்காத. படிக்கிறவங்க படிக்கட்டும்," என்றாள். "பஸ் ஸ்டாண்டுப் பக்கம் எவனாவது தகராறு பண்ணா எனக்குப் போன் பண்ணு. வரேன்."