தலையாட்டல்

ஜெர்மனியில் ஓர் ஏரியில் நடந்த தூண்டில் போட்டியில், போட்டியாளர் தனியாகவே மீன் பிடிக்கிறாரா என்று பார்க்கப் படகுக்கு ஒரு கண்காணிப்பாளர் ஏற வேண்டும். ஆள் போதாததால் அகதி முகாமிலிருந்த பதினாறு வயது சுகந்தினியையும் கூப்பிட்டிருந்தார்கள்.

"போ, ஆனா வாயைத் திறக்காதை. எங்கட அகதி விண்ணப்பத்துக்கு இன்னும் பதில் வரேல்லை" என்று அண்ணன் வெருட்டித்தான் அனுப்பினான்.

அவள் ஏறியது பஸ் ஓட்டும் உல்ரிக்கேயின் படகில். பின்னேரம்வரை ஒன்றும் சிக்கவில்லை. கடைசியில் பெரிய மீனொன்று கொழுவியது. உல்ரிக்கே தனியாகவே மல்லுக்கட்டி அதை ஏற்றினாள்.

கரையில் நடுவர், "இவர் தனியாகத்தான் பிடித்தாரா?" என்று சுகந்தினியைக் கேட்டார். அவள் வாய் திறக்காமல் தலையை இரண்டு பக்கமும் ஆட்டினாள்.

"இல்லையா? அப்படியென்றால் இது செல்லாது."

மீன் தராசிலிருந்து இறங்கியது. உல்ரிக்கேயின் முகம் செத்துப்போனது.

சுகந்தினிக்கு அப்போதுதான் விளங்கியது. அண்ணனின் குரல் காதுக்குள் நின்றது.

"ஓம்! ஓம்! யா! இவதான் பிடிச்சவ!" என்று கத்தினாள்.

"பிறகு ஏன் அப்படித் தலையாட்டினாய்?" என்றார் நடுவர்.

"எங்கள் ஊரில் இதுதான் ஆம்" என்று அரைகுறை ஜெர்மனில் சொல்லி மறுபடி ஆட்டிக் காட்டினாள்.

நடுவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மீனைத் திரும்ப வைக்கலாமா?" என்று உல்ரிக்கேயைக் கேட்டார்.

உல்ரிக்கே சுகந்தினியைப் பார்த்துக்கொண்டே தலையை இரண்டு பக்கமும் ஆட்டினாள்.