சுங்கை பூலோவில் மழை

திவ்யதர்ஷினியைச் சேர்த்துக்கொள்வதாகச் சொன்ன நாளிலிருந்தே அனுப்ரியாவுக்குச் சரியான தூக்கம் இல்லை.

ஜூன் விடுமுறையில் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளை வெளியே அழைத்துப்போய், செடிகொடிகளையும் பறவைகளையும் காட்டித் தமிழில் பேசவைக்கும் திட்டம் அது. சிங்கப்பூரில் தேக்காவுக்குப் பக்கத்தில் ஒரு கடைவீட்டின் மாடியில் இயங்கிய சிறிய அமைப்பு அதை நடத்தியது. பேருந்து ஏற்பாடு, பூங்கா அனுமதி, பெற்றோர் கேள்விகள் என்று எல்லாம் அனுப்ரியாவின் பொறுப்பு. இதுவரை முழங்கால் சிராய்ப்புக்கு மேல் எதுவும் நடந்ததில்லை.

இந்த வருடம் சுவா சூ காங்கிலிருந்து நிரஞ்சனா என்ற தாய் தொலைபேசியில் அழைத்தார். மகள் திவ்யதர்ஷினிக்கு ஒன்பது வயது, எப்போதாவது வலிப்பு வரும் என்றார்.

"மூணு கேம்ப்ல கேட்டுட்டேன் மிஸ். வலிப்புன்னு சொல்றவரைக்கும் எடம் இருக்கு. சொன்னதும் ஃபுல்லாயிடுது."

"நீங்க அனுப்புங்க" என்றாள் அனுப்ரியா. போனை வைத்த பிறகுதான் யோசித்தாள்.

அமைப்பின் தலைவர் இளமாறன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "சரின்னு சொல்றது ஈஸி லா. ஏதாச்சும் ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?"

திவ்யாவின் மருத்துவர் சம்மதித்திருந்தார். மருத்துவமனைத் தாதியாக இருந்து ஓய்வுபெற்ற ஆமினா பீவி தொண்டூழியராக உடன் வர ஒப்புக்கொண்டார். அப்படியும் அனுப்ரியா வலிப்புக்கான முதலுதவிக் குறிப்பை மறுபடி மறுபடி எடுத்துப் படித்தாள்.

சுங்கை பூலோ சதுப்புநிலக் காப்பகத்துக்குப் போன அன்று பேருந்தில் திவ்யாவின் பக்கத்திலேயே உட்கார்ந்தாள்.

"தண்ணி குடிச்சியா?"

"குடிச்சேன் அக்கா."

"தலை சுத்துதா?"

"இல்ல அக்கா." திவ்யா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சற்று நேரத்தில் அனுப்ரியா மறுபடியும் அதையே கேட்டாள்.

சதுப்புநிலத்தின் மேல் போட்டிருந்த மரப்பாதையில் பிள்ளைகள் வரிசையாக நடந்தார்கள். எல்லாரும் ஒரே ஆரஞ்சு நிற டீ-சட்டை. கீழே சேற்றில் துள்ளும் மீன்களைக் கண்டதும் கம்பிமேல் சாய்ந்து கூச்சல் போட்டார்கள். திவ்யாவும் எட்டிப் பார்க்கப் போனாள். முதலைகள் பற்றிய எச்சரிக்கைப் பலகை அனுப்ரியாவின் கண்ணில் பட்டது. உடனே அவளைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு அந்தக் கையை விடவே இல்லை.

நீரிணைக்கு அப்பால், மலேசியாவின் ஜொகூர் பக்கத்து வானம் திடீரென்று கறுத்தது. போனில் மின்னல் எச்சரிக்கை வந்தது.

"எல்லாரும் ஷெல்டருக்கு வாங்க! ஓடாம, வேகமா நடங்க!"

"அக்கா, அங்க..." என்று திவ்யா பின்னால் திரும்பினாள்.

"பேசாம வாம்மா. வழுக்கும், கீழ பாத்து நட."

கொட்டகைக்குள் நுழைவதற்குள் மழை கொட்டி எல்லாரும் நனைந்துவிட்டார்கள். ஆமினா பீவி ஒவ்வொரு தலையாகத் தொட்டு எண்ணினார். மறுபடியும் எண்ணினார்.

"அனு, ஒண்ணு குறையுது."

அனுப்ரியா முதலில் பார்த்தது தன் கையில் இருந்த கையைத்தான். திவ்யா இருந்தாள். அப்படியென்றால் யார்? ஈரத்தில் ஒட்டிய ஆரஞ்சுச் சட்டைகளுக்குள் எந்த முகம் இல்லை என்று அவளுக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு பெயராக உரக்கக் கூப்பிட்டாள். ஆதவன் என்றபோது பதில் வரவில்லை.

ஆதவன். சொன்ன பேச்சு கேட்கிற பையன். காலையில் அவளுக்கு வணக்கம் சொன்னான். அதற்குப் பிறகு அவனைப் பார்த்ததாக எந்த நினைவும் இல்லை.

"அவன் பறவை பாக்குற வீட்டுக்குள்ள போனான்" என்றாள் திவ்யா. "நான் சொல்ல வந்தேன் அக்கா. நீங்க இழுத்துட்டே வந்துட்டீங்க."

அனுப்ரியா அந்தக் கையை விட்டாள். ஆமினா பீவி "நீ போ, நான் பாத்துக்கிறேன்" என்று சொல்லி முடிப்பதற்குள் மழையில் இறங்கி ஓடினாள். தண்ணீரும் பாதையும் ஒரே சாம்பல் நிறமாக இருந்தன. ஒருமுறை சறுக்கி விழுந்து எழுந்தாள். கம்பிக்குக் கீழே பார்க்கக் கூடாது என்று நினைத்தபடியே கீழே பார்த்துக்கொண்டு ஓடினாள்.

பறவை பார்க்கும் மரக்குடிலில் ஆதவன் பெஞ்சில் முழங்கால் போட்டு, பலகை இடுக்கில் கண்ணை வைத்திருந்தான்.

"மெதுவா பேசுங்க அக்கா. நாரை பறந்துரும்."

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஆமினா பீவியைப் போனில் கூப்பிட்டு அவன் கிடைத்துவிட்டதாகச் சொன்னாள். இடி ஓயும்வரை அங்கேயே இருங்கள் என்றார் அவர்.

ஆதவன் அவளுடைய நனைந்த முகத்தை இப்போதுதான் கவனித்தான். "என்னைத் தேடியா வந்தீங்க?"

"ஆமாடா."

"திவ்யாவ விட்டுட்டா?"

அனுப்ரியா எழுந்து பெஞ்சில் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

தேக்காவுக்குத் திரும்பி வந்ததும் இளமாறன் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "அதான் வந்துட்டானே, பெருசாக்க வேண்டாம்" என்றார். அவள் மாடிப்படியிலேயே நின்று ஆதவனின் அப்பா குமரனை அழைத்து நடந்ததை மறைக்காமல் சொன்னாள்.

"என் பிள்ளைக்கு ஒண்ணும் வியாதியில்ல, அதனாலதான் நீங்க பாக்கலையா?"

"அப்படித்தான் ஆயிடுச்சு சார்."

அவர் போனை வைத்துவிட்டார்.

மகளை அழைத்துப்போக வந்த நிரஞ்சனாவிடமும் சொன்னாள். திவ்யாவை ஒரு மீன்கூடப் பார்க்கவிடவில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னாள். நிரஞ்சனா ஈரத் தலையுடன் இருந்த மகளைப் பார்த்தார்.

"வீட்லயும் இதே கததான் மிஸ். சின்னவன் ஸ்கூல் பாட்டுப் போட்டியில ஜெயிச்சிருக்கான். பக்கத்து வீட்டுக்காரங்க சொல்லித்தான் எனக்குத் தெரியும்." பிறகு பயந்துகொண்டே கேட்டார்: "நாளைக்கு இவள அனுப்பலாமா, வேண்டாமா?"

"அனுப்புங்க. மருந்து ஆமினா அக்காகிட்ட இருக்கும். ஆனா நான் இவ கையப் புடிச்சுக்க மாட்டேன்."

திவ்யா முதல்முறையாக அவளைப் பார்த்துச் சிரித்தாள். நிரஞ்சனா சிரிக்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினார்.

மறுநாள் ஆங் மோ கியோ பூங்கா. பேருந்து புறப்படும் நேரத்தில் குமரன் மகனின் மணிக்கட்டைப் பிடித்தபடி வந்து நின்றார்.

"போகாதன்னா அழுறான். லீவு போட்டுட்டேன். நானும் வரேன்" என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல்.

பூங்காவில் ஆற்றங்கரைப் புல்லில் பிள்ளைகள் சிதறினார்கள். திவ்யா குப்புறப் படுத்து, தண்ணீருக்குள் ஏதோ நத்தையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆமினா பீவி சற்றுத் தள்ளி நின்றார். அங்கே போகத் துடித்த கால்களை அடக்கிக்கொண்டு அனுப்ரியா ஒவ்வொரு ஆரஞ்சுச் சட்டைக்குள்ளும் இருந்த முகத்தைத் தேடிப் பார்த்தாள். கடைசி முகம்வரை போய்விட்டு முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

"அப்பா, கை வலிக்குது" என்றான் ஆதவன்.

குமரன் கையை விட்டார். பையன் ஓடிய திசையிலேயே கொஞ்ச நேரம் நின்றவர், மெல்ல அவளிடம் வந்தார்.

"எப்படி மிஸ் தினமும் இத செய்றீங்க?"

"பயந்துகிட்டேதான் செய்றேன் சார். இப்பவும்தான்."

அவர் வானத்தைப் பார்த்தார். வடக்கே கொஞ்சம் மேகம் இருந்தது. "நான் சும்மா நிக்க முடியாது. ஏதாவது சொல்லுங்க."

"பாலத்துக்கு அந்தப் பக்கம் நீங்க பாத்துக்குங்க. ஆதவன் இந்தப் பக்கந்தான் இருப்பான், நான் பாத்துக்கிறேன்."

குமரன் மகனை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு பாலத்தைக் கடந்து போனார். சிறிது நேரத்தில் அக்கரையிலிருந்து, யாரோ ஒரு பெண் பிள்ளையிடம் தண்ணீரை விட்டுத் தள்ளி நிற்கும்படி அவர் சொல்வது கேட்டது.