ஆள் பார்த்து ஓடும் துகள்

1

இந்தக் கதை என் அக்கா போட்ட சத்தத்தில் பிறந்தது. கண்ணுக்குத் தெரியாத துகள் ஒன்றை நீர்ச்சொட்டுக்குள் ஓட்டுவது அவள் வேலை. காந்தம் அதை இழுத்துப் போகும். போய்ச் சேர்ந்த இடத்தில் மின்சாரம் பிடித்து நிறுத்தும். காந்தத்துக்கு அவள், மின்சாரத்துக்கு அவளுடைய கூட்டாளி என்று இரண்டு பேர் வேண்டும். நாளைக்குப் பெரியவர்கள் குழுவாக வந்து பார்க்கப்போகிறார்கள். துகள் சொன்ன பேச்சைக் கேட்காவிட்டால் அவளுடைய ஆய்வறை வேறு யாருக்கோ போய்விடும்.

துகளா, கேட்பதாக இல்லை. கதை கிடைக்குமென்று நானும் அங்கே போய் ஓரமாக உட்கார்ந்திருந்தேன். என் புத்தி!

2

முதல் தொடக்கம்: "ஒரு சொட்டு நீருக்குள் ஒரு பிரபஞ்சமே..." (வேண்டாம். எனக்கே குமட்டுகிறது.)

அடுத்தது: "துகளுக்கு ஆள் தெரியும். கூட்டாளி மைக்ராஸ்கோப்பில் குனிந்தால் சமர்த்தாகப் போகும். அக்கா குனிந்தால் ஓரத்துக்கு ஓடும்."

வீட்டுக்கு வந்து இதைப் படித்த அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "அதுக்கு ஆளாவது தெரியறதாவது! காந்தத்துக்கான கம்பிச் சுருள், அந்தக் காயிலை அவன் ஒழுங்கா சுத்தல, அவ்வளவுதான்."

"அவர் ஓட்டினா மட்டும் போகுதே?"

"உனக்குக் கதை வேணும், எனக்கு ரூம் வேணும். போடா."

3

கதையில் கூட்டாளி பாத்திரம்தான் எனக்கு உதைக்கிறது. இவ்வளவு பொறுமைசாலியை யார் நம்புவார்கள்? மத்தியானம் ஆய்வறையில் காயில் கம்பியை முழுக்கப் பிரித்து மறுபடி சுற்றினார். அவள் குனிந்ததும் துகள் பழையபடி ஓடியது. "கையா அது, காலா?" என்று கேட்டாள் அக்கா. (இதை எழுதாதே என்றாள். எழுதிவிட்டேன்.) அவர் கையைத் துடைத்துக்கொண்டு, "நாளைக்கு நீங்களே ஓட்டிக்குங்க" என்று கிளம்பிவிட்டார்.

சரி, இப்போது நம்பலாம்.

4

இடத்தை நிரப்ப ஒரு வர்ணனை போட்டேன்: "வெயிலுக்கு மாட்டும் கறுப்பு மூடி தானே வந்து டக்கென்று ஒட்டிக்கொள்ளும் தன் புதுக் கண்ணாடியைக் கழற்றி, சொட்டுக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டு, மைக்ராஸ்கோப்பில் குனிந்தாள்." (அடித்துவிட வேண்டும். கதைக்கு ஒரு பிரயோசனமும் இல்லை.)

அக்கா அந்த வரியிலேயே நின்றுவிட்டாள். கண்ணாடியைக் கழற்றி, என் காகிதங்களில் குத்தியிருந்த குண்டூசியை உருவி ஃபிரேம் அருகே கொண்டுபோனாள். ஊசி தாவிப்போய் ஒட்டிக்கொண்டது.

"ஃபிரேமுக்குள்ளயே காந்தம்... சனியனே!"

"யாரு, நானா?"

"நான்டா."

கூட்டாளி கண்ணாடி போடாதவர். காயிலை, தண்ணீரை, அந்த மனிதரை என்று எல்லாவற்றையும் திட்டித் தீர்த்தவள், காந்தத்தைத் தன் மூக்கிலேயே சுமந்து போயிருக்கிறாள். எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகுதான் உறைத்தது. துகள் இனிமேல் கேட்கும், நாளைக்கு மின்சாரத்துக்கு யார்?

5

முடிவு ஒன்று: காலையில் அவர் தானாகவே வந்து நிற்கிறார், துகள்... (சினிமா.)

முடிவு இரண்டு: அவர் போனை எடுக்கவே இல்லை. அக்கா காலியான அறையில்...

"வாய்விட்டுப் படிக்காதே. அவருக்குத்தான் ரிங் போகுது."

எடுத்துவிட்டார். "சொல்லுங்க. இப்ப எந்தக் காயிலைச் சுத்தணும்?"

அக்கா போனைக் கையால் பொத்திக்கொண்டு என்னிடம் திரும்பினாள். அவள் கண் கலங்கி இதற்குமுன் நான் பார்த்ததே இல்லை.

"நீதானே எழுதறவன். மன்னிப்புக்கு முதல் வரி சொல்லுடா."

சாயங்காலம் முழுக்க முதல் வரியாக எழுதிக் கிழித்தவன் நான். ஒன்றுகூட வாயில் வரவில்லை.

நீங்களாவது சொல்லுங்களேன். சீக்கிரம், அவர் வைத்துவிடப் போகிறார்.